நாலு பேர் தூக்கிவிடுவது சமத்துவம் அல்ல

மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அதிகாலையில் ஒரு சுற்றுச்சுவர் இடிந்து வீடுகள் மீது விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். மழையில் சுவர் இடிந்தது என்று செய்தி எழுதியவர்கள் எழுதினார்கள். நாம் அதை ஏற்கவில்லை. பட்டியலின மக்களின் குடியிருப்பை ஒட்டி அவ்வளவு உயரத்துக்கு ஒரு சுவர் ஏன் எழும்பியது என்று கேட்டோம். அதற்குத் தீண்டாமைச் சுவர் என்று பெயர் வைத்தோம்.

கொங்குப் பகுதியில் சாதி ஒழிப்பு பேசுகிற எவருக்கும் இந்தப் பார்வை உண்டு. கல்லும் சிமெண்டும் சும்மா நிற்பதில்லை, யாரை உள்ளே விடலாம், யாரை வெளியே நிறுத்தலாம் என்று அவை முடிவு செய்கின்றன என்பது நமக்குத் தெரியும். தனிக்குவளையும் தனிச் சுடுகாடும் நமக்கு அதைக் கற்றுக்கொடுத்தன.

அதே பார்வையோடு நாம் நிகழ்ச்சி நடத்தும் இடங்களுக்கு வருவோம். காந்திபுரத்திலோ டவுன்ஹால் பக்கமோ ஒரு கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் நூல் அறிமுகக் கூட்டம். லிஃப்ட் கிடையாது. ஒரு கல்யாண மண்டபத்தில் கலை இரவு. வாசலில் ஐந்து படி, மேடைக்கு ஆறு படி, சாப்பாட்டுக் கூடம் கீழ்த்தளத்தில். ஒரு பள்ளி மைதானத்தில் பறை நிகழ்ச்சி. கழிப்பறை மைதானத்தின் மறுகோடியில், இருட்டில். அழைப்பிதழில் "அனைவரும் வருக" என்று அச்சிட்டிருக்கிறோம்.

அந்த "அனைவரும்" யார்?

படிக்கட்டைத் தீண்டாமைச் சுவரோடு சமப்படுத்த நான் வரவில்லை. யாரையோ இழிவுபடுத்த வேண்டுமென்று யாரும் படிக்கட்டு கட்டுவதில்லை. சாதி, படிக்கட்டை எடுத்துவிட்டால் போகிற நோயும் இல்லை. ஆனால் கட்டியவரின் எண்ணம் எதுவாக இருந்தாலும், வெளியே நிற்பவருக்கு விளைவு ஒன்றுதான். அவர் திரும்பிப் போகிறார். அடுத்த முறை வருவதில்லை. பிறகு நாம், "மாற்றுத்திறனாளித் தோழர்கள் நம்ம கூட்டத்துக்கு வர்றதே இல்லையே" என்று பேசிக்கொள்கிறோம்.

சட்டம் இருக்கிறது, குளமும் இருக்கிறது

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவுகளை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய தோழர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 29ஆவது பிரிவைப் படித்தவர்கள் எத்தனை பேர்?

அந்தப் பிரிவு முழுக்கவும் கலை, பண்பாடு, பொழுதுபோக்கு பற்றியது. மற்றவர்களுக்குச் சமமாகப் பண்பாட்டு வாழ்வில் பங்கெடுக்கும் உரிமையை அரசும் உள்ளாட்சிகளும் உறுதி செய்ய வேண்டும் என்கிறது. மாற்றுத்திறனாளிக் கலைஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் வசதியும் நிதியுதவியும் தரவேண்டும், அவர்கள் சேர்ந்து படிக்கும்படி கலைப் பாடத்திட்டங்களை மாற்றியமைக்க வேண்டும், மாற்றுத்திறனாளிகளின் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகம் அமைக்க வேண்டும் என்றெல்லாம் பட்டியல் போடுகிறது. கலைஞராக மேடை ஏறும் உரிமையும் அதில் அடங்கும். பார்வையாளர் வரிசையில் ஓர் இடம் ஒதுக்குவதோடு அந்தக் கடமை முடிந்துவிடாது.

"பொதுக் கட்டடம்" என்பதற்கு இந்தச் சட்டம் தரும் விளக்கமும் முக்கியமானது. மக்கள் பொதுவாகப் பயன்படுத்துகிற கட்டடம் என்றால் போதும், அது அரசுடையதா தனியாருடையதா என்ற வேறுபாடு இல்லை. பண்பாட்டு நிகழ்வுகளுக்கான இடங்களும் வழிபாட்டிடங்களும் அதில் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டுள்ளன. விதிகள் 2017 ஜூனில் வெளியாகின. ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை ஐந்து ஆண்டுக்குள் தடையற்றதாக மாற்ற வேண்டும் என்றது சட்டம். கெடு 2022 ஜூனில் முடிந்துவிட்டது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், விதி 15(1) வெறும் பரிந்துரைகளாக இருப்பது சட்டத்துக்கே முரணானது என்று சொல்லி, கட்டாயமான விதிகளை வகுக்கும்படி ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது.

தாளில் உரிமை இருப்பதும் கையில் உரிமை இருப்பதும் வேறு வேறு என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பொது நீர்நிலைகளைத் தீண்டப்படாதோருக்குத் திறந்துவிட வேண்டும் என்ற போலே தீர்மானம் பம்பாய் சட்டமன்றத்தில் நிறைவேறியது 1923இல். மகாட் நகராட்சி அதை ஏற்றது 1924இல். சவதார் குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணீரைக் கையில் எடுத்தது 1927 மார்ச் 20 அன்று. இடைப்பட்ட ஆண்டுகளில் தீர்மானமும் இருந்தது, குளமும் இருந்தது, குடிக்கத்தான் முடியவில்லை. 29ஆவது பிரிவின் இன்றைய நிலை அதுதான்.

"பொணத்தையும் நாலு பேருதான் தூக்குவாங்க"

சூலூர்ப் பக்கம் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். பறைக் கலைஞர், அருந்ததியர். கட்டட வேலைக்குப் போன இடத்தில் சாரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் பாதிக்கப்பட்டு, இப்போது சக்கர நாற்காலியில் இருக்கிறார். தோளிலும் கையிலும் ஒரு குறையும் இல்லை. அவர் அடித்தால் இன்றும் ஊர் திரும்பிப் பார்க்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இயக்க நிகழ்ச்சிக்கு அவரை அழைத்திருந்தார்கள். மேடைக்குச் சாய்தளம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டார். ஏற்பாட்டாளர் தம்பி உண்மையான அன்போடுதான் சொன்னான்: "நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்கண்ணா, நாலு பேரு தூக்கிட்டுப் போயிருவோம்ங்க."

நண்பர் போகவில்லை. ஏன் என்று கேட்டபோது என்னிடம் சொன்னார்: "தோழர், பொணத்தையும் நாலு பேருதான் தூக்குவாங்க. எங்கப்பன் ஊர்க்காரங்க சாவுக்குப் போயி அடிச்சாரு. அது வேண்டாம், மேடையில கலைஞனா நின்னு அடிக்கறேன்னு நான் வெளிய வந்தேன். இப்ப என்னையவே நாலு பேரு தூக்கறேங்கறாங்க."

இதில் தம்பியின் நல்ல மனதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல், நல்ல மனதை நம்பி ஏற்பாட்டை விட்டுவிட்டதில் இருக்கிறது. சக்கர நாற்காலியோடு ஒருவரைத் தூக்கினால் கீழே போடும் ஆபத்து உண்டு. அதைவிட, எப்போது ஏறுவது, எப்போது இறங்குவது, யார் தன் உடம்பைத் தொடுவது என்ற முடிவு மூன்றும் அவர் கையிலிருந்து போய்விடுகிறது. கழிப்பறைக்குப் போகவேண்டும் என்றால் மறுபடி நாலு பேரைத் தேட வேண்டும். அதற்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் கூட்டத்துக்கு வருகிற மாற்றுத்திறனாளிப் பெண்களை எனக்குத் தெரியும். யாருடைய தயவிலும் நிற்க வேண்டியிராத நிலையைத்தானே நாம் சுயமரியாதை என்கிறோம்?

இன்னொன்றையும் யோசிக்கலாம். பறையும் ஒயிலும் கும்மியும் உடுக்கைக் கதையும் பிறந்தது தரையில். ஆடுபவரும் பார்ப்பவரும் ஒரே மட்டத்தில் இருந்த கலைகள் இவை. நான்கடி உயர மேடை சபாக்களும் பொதுக்கூட்டங்களும் கொண்டுவந்தது. அதற்காக, "நீங்க தரையிலேயே ஆடிக்குங்க" என்று நான் சொல்லவில்லை. மறுக்கப்பட்ட மக்களின் கலை மேடை ஏறுவது ஓர் அரசியல் வெற்றி. அந்த வெற்றியில் என் நண்பருக்கும் பங்கு வேண்டும் என்பதுதான் பேச்சு.

கணக்கு எளியது. சாய்தளத்துக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட சரிவு 1:12. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். நான்கடி மேடை போட்டால் 48 அடிக்குச் சாய்தளம் வேண்டும், இடமும் இருக்காது, காசும் இருக்காது. ஓரடி மேடை போட்டால் 12 அடி பலகை போதும், பந்தல்காரரே அடித்துக் கொடுத்துவிடுவார். மேடையைத் தாழ்த்தினால் நம் கலையின் உயரம் குறையாது.

ஒரே வேரில் இரண்டு இழிவு

"சாதி ஒழிப்பு இயக்கம் எல்லாவற்றையும் சுமக்க முடியுமா? இது தனி இயக்கத்தின் வேலை இல்லையா?" என்று கேட்கலாம். மாற்றுத்திறனாளிகள் தங்கள் உரிமைக்கான இயக்கங்களை நடத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் இந்த இரண்டு இழிவையும் நியாயப்படுத்தும் தத்துவம் ஒன்றே என்பதை நாம் மறக்கக் கூடாது.

முற்பிறவியில் செய்த பாவத்தால் தாழ்ந்த சாதியில் பிறந்தாய் என்ற அதே வாய்தான், முற்பிறவியில் செய்த பாவத்தால் கண்ணில்லாமல் பிறந்தாய் என்றும் சொன்னது. மனுநூலின் 11ஆம் அத்தியாயம் எந்தப் பாவத்துக்கு எந்த உடற்குறை என்று கணக்கே வைத்திருக்கிறது. 9ஆம் அத்தியாயத்தின் 201ஆம் சுலோகம் பிறவியிலேயே பார்வையற்றோர், காது கேளாதோர், மனநலம் குன்றியோர், உறுப்புக் குறையுள்ளோர் ஆகியோருக்குச் சொத்தில் பங்கு இல்லை என்கிறது. இது பழங்கதை இல்லை. இந்து வாரிசுரிமையிலிருந்து இந்தத் தடையின் பெரும்பகுதியை நீக்க 1928இல் பிரிட்டிஷ் இந்தியாவில் தனிச்சட்டம் போட வேண்டியிருந்தது. அப்போதும் பிறவியிலேயே மனநலம் குன்றியோர் வெளியேதான் நிறுத்தப்பட்டார்கள். நோயோ குறைபாடோ காரணமாக யாருக்கும் வாரிசுரிமையை மறுக்கக் கூடாது என்று முழுதாக எழுதியது 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம்.

2015 இறுதியில் பிரதமர் மோடி "திவ்யாங்" என்ற சொல்லை முன்வைத்தார். தெய்வீக உறுப்பாம். கோயில் நுழைவு கேட்டவர்களை "ஹரிஜன்" என்று அழைத்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். உரிமை கேட்பவரைக் கடவுளின் குழந்தையாக்கி விட்டால், கேட்டதைக் கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் நம் மேடைகளும் சுத்தமாக இல்லை. "குருட்டு நம்பிக்கை" என்கிறோம். காதில் வாங்காத அதிகாரியைச் "செவிட்டு அரசு" என்கிறோம். சாதிப்பெயர் வசவாகப் பயன்படும்போது கொதிக்கிற நாம், உடற்குறை வசவாகப் பயன்படும்போது கைதட்டுகிறோம்.

அகமண எதிர்ப்புப் பேச்சிலும் ஒரு பழக்கம் இருக்கிறது. "சொந்தத்துக்குள்ளேயே, சாதிக்குள்ளேயே கட்டினால் ஊனமான குழந்தை பிறக்கும்" என்று பேச்சாளர் சொல்வார், கூட்டம் தலையாட்டும். எனக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. விழித்திரை மெல்ல மெல்லச் சிதையும் மரபுவழிக் குறைபாடு. நெருங்கிய உறவுத் திருமணங்களில் இத்தகைய குறைபாடுகளுக்கு வாய்ப்பு கூடும் என்பது அறிவியல்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அரங்கில் நானும் உட்கார்ந்திருக்கிறேன், தோழர். சாதி மறுப்புத் திருமணம் வேண்டும் என்பதற்கு மனிதர்கள் சமம் என்ற ஒரு காரணம் போதும். என் கண்ணை எச்சரிக்கைப் பலகையாக மாட்ட வேண்டாம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான தொண்டு நிறுவனங்கள் பலவற்றில் சாதி என்ற சொல்லே எழாது. யார் சாரத்திலிருந்து விழுகிறார்கள், யார் நூற்பாலையில் பஞ்சுத்தூசியைச் சுவாசிக்கிறார்கள், யார் கை தறியிலும் பிரஸ்ஸிலும் சிக்குகிறது என்று அங்கே கேட்கமாட்டார்கள். 2016 சட்டம் ஏற்ற 21 வகைக் குறைபாடுகளில் சிக்கிள் செல் நோயும் ஒன்று. கொங்கை ஒட்டிய நீலகிரியில் அதைச் சுமப்பவர்கள் பழங்குடி மக்கள். ஏகலைவனின் கட்டைவிரல் கதையை நாம் சாதிக் கொடுமையாக மட்டும் வாசித்திருக்கிறோம். சாதி ஓர் உடலை ஊனமாக்கிய கதையாகவும் அதை வாசிக்க வேண்டும். இந்தக் கேள்விகளைக் கேட்கக்கூடிய இடம் நம் மேடைதான். அங்கே அவர்களே வரமுடியாதென்றால் யார் கேட்பது?

பெரியாரின் குழாயும் பையும்

நம்மிடம் இதற்கான முன்மாதிரி இல்லையா? இருக்கிறது. நாம்தான் அதை அப்படிப் பார்க்கவில்லை.

இறுதி ஆண்டுகளில் பெரியார் சிறுநீர் வடிகுழாயும் பையுமாகத்தான் ஊர் ஊராகப் போனார் என்பது தமிழ்நாட்டுக்கே தெரியும். சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் படங்களும் நம் அலுவலகச் சுவர்களில் தொங்குகின்றன. 1973 டிசம்பர் 19 அன்று சென்னை தியாகராய நகரில் கடைசிக் கூட்டத்தில் பேசினார். ஐந்தாம் நாள், 94 வயதில் மறைந்தார்.

இதை நாம் எப்போதும் ஒரு தனிமனிதரின் மனஉறுதியாகவே சொல்கிறோம். "மூத்திரப் பையைச் சுமந்துகொண்டு உழைத்தார்" என்று கண்கலங்குகிறோம். மனஉறுதி உண்மைதான். ஆனால் மனஉறுதி மட்டும் ஒருவரை மேடைக்குக் கொண்டுபோய்விடாது. அவர் பயணம் செய்ய வண்டி இருந்தது. உடன் இருந்து கவனிக்க மணியம்மையாரும் தோழர்களும் இருந்தார்கள். அமர்ந்து பேசுவதை யாரும் குறையாக எண்ணவில்லை. ஓர் இயக்கம் தன் தலைவரின் உடல்நிலைக்கு ஏற்பத் தன் கூட்டங்களை அமைத்துக்கொண்டது. இன்று "தடையற்ற சூழல்" என்று சட்டம் சொல்வது இதைத்தான். தலைவருக்குச் செய்ததை ஏன் தோழருக்குச் செய்ய முடியாது?

எழுத்தும் ஒரு வாசல்

என் ஆய்வு கொங்குப் பகுதியின் சுயமரியாதை இயக்கச் சிறுவெளியீடுகள் பற்றியது. படிப்பதற்கு எனக்குக் கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் துணை. விலையில்லா மென்பொருள், தமிழையும் படிக்கும். ஆனால் ஒரு நிபந்தனை: எழுத்து யூனிகோடில் இருக்க வேண்டும்.

நம் இயக்க வெளியீடுகளில் கணிசமானவை இன்னும் பழைய எழுத்துருக்களில் தட்டச்சாகின்றன. கண்ணுக்கு அழகான தமிழ். திரைவாசிப்பானுக்கு அது ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பை. சாதி ஒழிப்புப் பற்றிய 200 பக்க நூலைத் திறந்தால், பொருளில்லாத ஒலிகளைத்தான் கேட்பேன். முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் வருகிற அழைப்பிதழ்களோ வெறும் படம். நாள், நேரம், இடம் எல்லாம் படத்துக்குள் இருக்கும். கூட்டம் நடந்தது எனக்கு மறுநாள்தான் தெரியவரும்.

2010 ஜூனில் இதே கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோதுதான் யூனிகோடையும் டேஸ்-16ஐயும் தமிழுக்கான தரமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அதற்கும் வெகுமுன்பே, 1935இல், "குடிஅரசு" இதழில் பெரியார் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தினார். அச்சுக்கோப்பவருக்கும் புதிதாகப் படிக்க வருபவருக்கும் எளிதாக இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அரசு அதை ஏற்க 1978 ஆயிற்று. எழுத்து மக்களுக்காக வளைய வேண்டும், மக்கள் எழுத்துக்காக வளைய வேண்டியதில்லை என்ற அந்தக் கொள்கையின் இன்றைய பொருள், யூனிகோடில் தட்டச்சு செய்வதும் படத்துக்குக் கீழே நாலு வரி எழுதுவதும்தான்.

பதிப்பாளத் தோழர்களுக்கு ஒரு செய்தி. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டப்படி, மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக ஒரு நூலை அவர்களுக்கேற்ற வடிவில் இலாபநோக்கின்றி மாற்றித்தருவது பதிப்புரிமை மீறல் ஆகாது. கேட்பவர்களுக்கு யூனிகோடு கோப்பைக் கொடுங்கள். "திருட்டுப் பிரதி ஆகிவிடும்" என்ற அச்சத்தில் வாசகரையே இழக்காதீர்கள்.

கட்டியங்காரனுக்குத் தெரிந்த வித்தை

லண்டனில் 1980இல் தொடங்கிய கிரேயே நாடகக் குழு மாற்றுத்திறனாளிக் கலைஞர்களால் நடத்தப்படுவது. சைகை மொழியையும் காட்சி விவரிப்பையும் ஓரமாக ஒட்டவைக்காமல் நாடகத்தின் உள்ளேயே பிசைந்துவிடுவது அவர்கள் பாணி. இது ஏதோ மேற்கத்தியப் புதுமை என்று தோன்றலாம்.

நம் கூத்தைக் கவனியுங்கள். கட்டியங்காரன் வந்து, வரப்போவது யார், என்ன கோலத்தில் வருகிறார், என்ன நடக்கப்போகிறது என்று சொல்லிவிடுகிறான். ராஜா திரைக்குப் பின்னாலிருந்தே தன்னைப் பாடி அறிமுகப்படுத்திக்கொள்கிறார். உடுக்கடித்து அண்ணன்மார் கதை சொல்பவர், குதிரையின் நிறம் முதல் வீரனின் கோபம் வரை எல்லாவற்றையும் சொல்லால் வரைகிறார். பார்வையற்றவர் பின்தொடரக்கூடிய கலைகள் இவை. நவீன நாடகத்துக்கு வந்த பிறகுதான், மௌனமும் மங்கிய ஒளியும் உயர்ந்த கலை என்ற நினைப்பு நமக்கு வந்தது. இருட்டடித்த அரங்கில் பத்து நிமிடம் யாரும் பேசாத காட்சி ஓடும்போது, பக்கத்தில் இருப்பவரிடம் "என்ன நடக்குது?" என்று கிசுகிசுத்து நான் வாங்கிய "உஷ்" கொஞ்சமல்ல.

பறையோ காது கேளாதவருக்கும் எட்டும் கருவி. நெஞ்சிலும் காலடியிலும் அதிர்வாக இறங்கும். அவர்களை முன்வரிசையில், ஒலி அதிரும் இடத்தில் உட்காரவைத்து, பாட்டின் வரிகளைத் திரையில் ஓடவிட்டு, பக்கத்தில் வெளிச்சம் பட ஒரு சைகைமொழி பெயர்ப்பாளரை நிறுத்தினால், அவர்களும் அந்தப் பாட்டுக்குள் வந்துவிடுவார்கள்.

காசுக்கு எங்கே போவது?

நியாயமான கேள்வி. மாடிக் கூடத்தை நாம் விரும்பியா எடுக்கிறோம்? அதுதான் மலிவு. லிஃப்டும் குளிர்சாதனமும் உள்ள அரங்குகளின் வாடகை நமக்குக் கட்டாது. சில மண்டபங்களை நடத்தும் சாதிச் சங்கங்கள் நமக்குத் தரவும் தராது. நம் வறுமைக்கும் சாதிக் காரணம் உண்டு.

ஆகவே இரண்டு வழியாகப் பிரிப்போம். முதலாவது, காசில்லாமலோ சிறு காசிலோ நாமே செய்யக்கூடியவை.

தரைத்தள இடம் கிடைக்கும் நாளுக்குக் கூட்டத்தைத் தள்ளிவைக்கலாம். அழைப்பிதழில், "சாய்தளம் உண்டு, கழிப்பறை தரைத்தளத்தில், சைகைமொழி பெயர்ப்பு இல்லை" என்று இருப்பதையும் இல்லாததையும் நேர்மையாக எழுதி, தேவையைச் சொல்ல ஒரு தொலைபேசி எண் தரலாம். அந்த ஒரு வரி, வருவதா வேண்டாமா என்று ஒருவர் தானே முடிவெடுக்க உதவும். படி ஓரங்களில் மஞ்சள் நாடா ஒட்டலாம், என்னைப் போன்றவர்கள் விழாமல் இருப்போம். பேச்சாளர்கள் மைக்கை ஒதுக்கிவிட்டு "எனக்குச் சத்தமான குரல்" என்று பெருமையடிக்காமல் மைக்கில் பேசலாம். நாற்காலி வரிசைக்கு நடுவே சக்கர நாற்காலி போகும் அகலத்துக்கு வழி விடலாம், அதையும் கடைசி வரிசையோடு நிறுத்தாமல். மேடையில் பத்துப் பேருக்குப் பயனாடையும் நினைவுப் பரிசும் தருகிற காசை, ஒரு சைகைமொழி பெயர்ப்பாளரின் ஊதியத்துக்குத் திருப்பலாம். எல்லாவற்றுக்கும் முன்பாக, ஏற்பாட்டுக் குழுவிலேயே மாற்றுத்திறனாளித் தோழர்கள் இருவரையாவது சேர்க்க வேண்டும். சாய்தளம் எங்கே வேண்டும் என்று நாம் ஊகிக்க வேண்டியதில்லை, அவர்கள் சொல்வார்கள்.

இரண்டாவது, அரசிடம் கேட்டு வாங்க வேண்டியவை. இதுதான் பெரிது. கோவை கொடிசியாவிலும் ஈரோட்டிலும் திருப்பூரிலும் ஆண்டுதோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. அரசே கலை விழாக்கள் நடத்துகிறது, நாட்டுப்புறக் கலைக் குழுக்களுக்கு நிதி தருகிறது. பொதுப்பணம் செலவாகும் எந்த விழாவும், எந்த அரங்கும் தடையற்றதாக இல்லாவிட்டால் அனுமதியும் இல்லை, நிதியும் இல்லை என்ற நிபந்தனையை நாம் கேட்க வேண்டும். மாநகராட்சிச் சமுதாயக் கூடங்களைச் சட்டப்படி மாற்றியமைத்தால், மலிவான தரைத்தள அரங்கு இல்லை என்ற நம் சிக்கலும் தீரும். மாற்றுத்திறனாளிகளின் உரிமை நமக்கும் ஓர் அரங்கைப் பெற்றுத்தரும்.

கேட்டால் கிடைக்குமா? மெரினாவில் கடலுக்கு அருகே போக ஒரு பாதை வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் ஆண்டுக்கணக்கில் கேட்டார்கள். 2022 நவம்பரில் மரப்பாதை வந்தது. இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. பாதை போச்சு என்று அரசு விட்டுவிட முடியவில்லை. ஒருமுறை கடலைத் தொட்டவர்கள் விடமாட்டார்கள். மீண்டும் சரிசெய்யப்பட்டது. 2025 ஏப்ரலில் உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்கும் சட்டமுன்வடிவுகள் சட்டமன்றத்தில் நிறைவேறின. மாமன்றத்திலும் ஊராட்சியிலும் இந்தக் கேள்வியை எழுப்ப இனி ஆள் உண்டு. அவர்களுக்குத் துணையாக வெளியே நிற்பது நம் வேலை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். புதிய சட்டத்தின் 21 வகைகளையும் சேர்த்து எண்ணினால் இது இன்னும் கூடும். இவர்களில் பட்டியலினத்தவர் இருக்கிறார்கள், பழங்குடியினர் இருக்கிறார்கள், பெண்கள் இருக்கிறார்கள், பாடுபவர்களும் எழுதுபவர்களும் பறையடிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களை வெளியே நிறுத்திவிட்டு நாம் கட்டுகிற சமத்துவ மேடை, உயரம் கூடிய இன்னொரு மேடையாக மட்டுமே இருக்கும்.

வரும் மாதம் உங்கள் ஊரில் ஒரு நிகழ்ச்சி நடக்கும். நிகழ்ச்சி நிரல் எழுதும் முன், சிறப்பு விருந்தினர் பெயரை முடிவுசெய்யும் முன், இடம் பார்க்கப் போகும் தோழர் கையில் ஓர் அளவு நாடாவைக் கொடுத்து அனுப்புங்கள். வாசல் எத்தனை அங்குலம், படி எத்தனை, கழிப்பறைக் கதவு எத்தனை அகலம் என்று அளந்து வரட்டும். "அனைவரும் வருக" என்று அச்சடிப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.